தேயிலைப் பெட்டிக்குள் ஒரு திரை

உலகத்தில் எதையும் முழுதாகப் பார்க்கக் கூடாது என்ற கொள்கையோடு வாழ்ந்த ஒரே மனிதரை நான் பதுளையில்தான் சந்தித்தேன். ஊர் அவரை டீமேக்கர் என்று அழைத்தது. சொந்தப் பெயர் என்று ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். அதை அறிய யாரும் ஆசைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

தேயிலைக் கொழுந்து தொழிற்சாலைக்குள் நுழைவதிலிருந்து தூளாகி மூட்டையில் ஏறும்வரை பொறுப்பாக நிற்கும் உத்தியோகத்தருக்குத் தோட்டங்களில் டீமேக்கர் என்று பெயர். நம்மவர் அந்த உத்தியோகத்தராக இருந்ததில்லை. லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்படிப்பட்ட ஒருவருக்கு உதவியாளராகச் சில மாதங்கள் இருந்தார். பிறகு தோட்டத்தை நடத்தும் துரையோடு ஏதோ தகராறு. வேலை அங்கேயே நின்றுவிட்டது. பட்டம் மட்டும் அவரோடு பஸ் ஏறிப் பதுளைக்கு வந்துவிட்டது.

நான் அப்போது கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குப் பதுளை நிருபர். தொண்ணூறுகளின் பிற்பகுதி. செய்தி அனுப்ப பேக்ஸ் இயந்திரம் தேவை. அது பஜாருக்குப் பின்னால், பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் இருந்த சிவலோகநாதனின் அச்சகத்தில் இருந்தது. அந்த அச்சகத்தில் கணினியின் முன்னால் உட்கார்ந்து தமிழ் எழுத்துக் கோப்பவர்தான் டீமேக்கர். இரவில் பின்னறையில் படுத்துக்கொள்வார். ஆக, அவருக்கு வேலையும் வீடும் ஒரே கதவுக்குள்தான்.

அவருடைய கொள்கையை நான் முதலில் கண்டது பத்திரிகையில். நான் எழுதிய பத்திரிகையை அவர் எட்டாக மடித்து, ஒரு மடிப்பை மட்டும் படிப்பார். படித்து முடித்த பிறகு, நாளுக்கு ஒன்றாக, அடுத்த மடிப்பைத் திருப்புவார். என் செய்தி இரண்டு மடிப்புகளில் விழுந்திருந்தால் அதன் முடிவு அவருக்கு மறுநாள்தான் தெரியவரும்.

"முழுப் பேப்பரையும் விரிச்சா ஊரு கவல எல்லாம் ஒண்ணா வந்து விழுதுங்க தம்பி. ஒண்ணொண்ணா வந்தா சமாளிச்சிக்கலாம்" என்றார்.

சோற்றுப் பார்சலையும் அப்படித்தான் பிரிப்பார். ஒரு மூலையை மட்டும் திறந்து, அங்கிருந்து சாப்பிட்டுக்கொண்டே உள்ளே போவார். அடுத்து வருவது பருப்பா, கத்தரிக்காயா என்பது அவருக்கே தெரியாது. ஒருநாள் கடைசி மூலையில் ஒரு முட்டை அகப்பட்டது. அன்று மாலை முழுவதும் அவர் எல்லோரிடமும் சிரித்துப் பேசினார். அப்புத்தளைக்கு ரயிலில் போனால் பள்ளத்தாக்குப் பக்கம் உட்கார மாட்டார். மண் மேட்டைப் பார்த்த பக்கம்தான். வெள்ளைக்காரர்கள் கழுத்தை நீட்டி நீட்டிப் படம் பிடிக்கும் அந்த வழியில், ஒரு முழம் தூரத்தில் ஓடும் பன்னச்செடிகளை மட்டும் பார்த்துக்கொண்டு போவார். அச்சகத்துக்கு எதிரே இருந்த செல்லையாவின் தேத்தண்ணிக் கடைத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் நடந்தால், கதவின் ஓரமாக நின்று பந்து வீசுகிறவரை மட்டும் பார்ப்பார். பந்து அடிக்கிறவருக்கு என்ன ஆனது என்பதை உள்ளே இருப்பவர்களின் கூச்சலிலிருந்து ஊகித்துக்கொள்வார். படம் பார்க்கப் போனால் இடைவேளையில் எழுந்து வந்துவிடுவார். மீதிக் கதையை அவரே சொல்லுவார். இரண்டாம் பாதியைப் பார்த்த எங்களுக்கு அவர் சொன்ன முடிவே மேல் என்று பல தடவை தோன்றியிருக்கிறது.

இப்படிப்பட்டவருக்கு அமைந்த கணினித் திரை பதினான்கு அங்குலம். அதுவும் அவருக்கு அதிகமாகப் பட்டது. தேயிலை அனுப்பும் பலகைப் பெட்டி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து, அடியை அறுத்துவிட்டு, படுக்கவைத்துத் திரையைச் சுற்றி மாட்டியிருந்தார். தோட்டத்தின் பெயர் அச்சிட்ட பக்கம் வெளியே தெரிய, ஈயத்தாள் ஒட்டிய உட்பக்கம் பளபளக்க, அந்தத் திரை ஒரு சிறு குகைக்குள் இருந்தது. நேர் எதிரே உட்காருகிறவருக்கு மட்டும்தான் எழுத்துத் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிவது டீமேக்கரின் காதும், அவர் கோடையிலும் கழற்றாத குரங்குத் தொப்பியும்தான். ஏன் இந்தப் பெட்டி என்று கேட்டால், "கண்ணு கூசுதுங்க" என்பார்.

அச்சகத்தின் பிழைப்பு இரண்டு வகை. ஒன்று கலியாணக் கார்டு. மற்றது மரண அறிவித்தல். எங்கள் பக்கத்து மரண அறிவித்தலை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அதில் இறந்தவருக்குத் தலைப்பில், தடித்த பெரிய எழுத்தில், ஒரு வரிதான். மற்ற இடமெல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்கு. இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்ன தோட்டத்து இன்னாரின் மாமனாரும் என்று அது இறங்கிக்கொண்டே போகும். அதைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாகக் கொடுப்பார்கள், கடைச் சுவர்களில் ஒட்டுவார்கள். ஒரு பெயர் விடுபட்டால் அந்த வீட்டார் அடுத்த கலியாணத்துக்கு வரமாட்டார்கள். ஒரு பெயர் கீழே இறங்கினால் அதற்கடுத்த கலியாணத்துக்கும் வரமாட்டார்கள்.

எழுத்துப்பிழை பார்க்க வரும் உறவினர்களை டீமேக்கர் கூட்டமாக உள்ளே விடமாட்டார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைப்பார். அவர்களுடைய பெயர் வரும் நாலு வரியை மட்டும் திரைக்குக் கொண்டுவருவார்.

"பேரு சரிங்களா? ஊரு சரிங்களா? சரி, போயி டீ குடிங்க."

அவர்களும் போய்ச் செல்லையா கடையில் தேநீர் குடிப்பார்கள். இதையும் நாங்கள் அவருடைய கோணல்களில் ஒன்றாகவே எழுதி வைத்திருந்தோம்.

இப்படியிருக்கையில் பஸ் நிலையத்துக்கு எதிரே புதிதாக ஒரு அச்சகம் திறந்தார்கள். அங்கே பதினேழு அங்குலத் திரை. கலியாண வீட்டார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளையாரிலிருந்து கீழே 'நல்வரவை நாடும்' வரை முழுக் கார்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம் என்ற செய்தி மலைகளில் பரவியது. சிவலோகநாதனிடம் வந்தவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். முழுசாக் காட்ட மாட்டீங்களா என்றார்கள். காட்ட முடியாது என்றதும் எழுந்து போனார்கள். கலியாண மாதம் வந்தும் கார்டு வேலை வரவில்லை.

சிவலோகநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்தவரின் மகன். பதுளையில் பிறந்து வளர்ந்தாலும் வீட்டுத் தமிழை விடவில்லை. ஒரு டோர்ச் பல்பு வாங்குவதற்கும் பலரைக் கலந்துகொள்ளும் மனிதர். பெரிய திரை வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வி அவரை அந்த வருடம் முழுவதும் வாட்டியது. பதினேழு அங்குலம் எவ்வளவு இருக்கும் என்று பார்க்க மேசையில் சோக்கட்டியால் ஒரு கட்டம் போட்டார். கட்டம் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. நாங்கள் தேநீர்க் கோப்பைகளை அதற்குள்தான் வைப்போம்.

டீமேக்கர் எதிர்க்கட்சி. பெரிய திரை கரண்டை அதிகம் குடிக்கும் என்றார். மின்னல் பெரியதைத்தான் தேடி அடிக்கும் என்றார். மேசையின் கால் தாங்காது என்றார். கடைசியாக, பெரியதில் பெரிய பிழை வரும் என்றார்.

"ஏன் காணும், பெரிசில பிழை வடிவாத் தெரியுமல்லே?" என்றார் முதலாளி.

"தெரிஞ்சா திருத்தணுமுல்லங்க மொதலாளி."

முதலாளி என் பக்கம் திரும்பினார். கொழும்பில் பத்திரிகை அலுவலகத்தில் எப்படி என்று கேட்டார். அங்கே எல்லாம் பெரிய திரைகள், ஒரு முழுப் பக்கத்தையும் காட்டும், வாங்குவதுதான் புத்தி என்று உள்ளதைச் சொன்னேன். டீமேக்கர் என்னைப் பார்த்தார். முழு முகத்தையும் அல்ல, ஒரு கண்ணை மட்டும்.

"பெருசு உள்ள வர்ற அன்னிக்கு நான் வெளிய போறேன்" என்றார்.

இதுதான் சிக்கல். பெரிய திரை வராவிட்டால் கலியாணக் கார்டு இல்லை. டீமேக்கர் போய்விட்டால் எதுவுமே இல்லை. விசைப்பலகையைப் பார்க்காமல் அந்த வேகத்தில் தமிழ் அடிக்க அப்போது பதுளையில் வேறு ஆள் கிடையாது. அவருக்கும் அந்தப் பின்னறையை விட்டால் போக ஓர் இடம் இருந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

ஒருநாள் காலை முதலாளி யாரிடமும் சொல்லாமல் கொழும்புக்குப் போனார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு இருக்கைக்கு டிக்கட் எடுத்து, ஜன்னலோர இருக்கையைத் திரைக்குக் கொடுத்திருந்தார். சோக்கட்டிக் கட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்தால், முன்பக்கம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அந்தக் காலத்துத் திரைக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருந்தது. முதலாளி அதைக் கணக்கில் எடுக்கவில்லை. மேசையை இழுத்துப் போட வேண்டியதாயிற்று. மேசையை இழுத்ததும் பின்னறைக் கதவு பாதிதான் திறந்தது. அச்சகத்தில் டீமேக்கருக்குப் பிடித்திருந்த ஒரே மாற்றம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தேயிலைப் பெட்டி புதிய திரைக்குப் பொருந்தவில்லை. டீமேக்கர் அதைப் பழைய திரையோடு சேர்த்துப் பின்னறையில் வைத்தார். பையைக் கட்டினார். தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். அப்போது மழை பிடித்தது.

"மழ விட்டதும் போறேன்" என்று சொல்லி, பையோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அது ஐப்பசி. எங்கள் பக்கத்தில் ஐப்பசி மழை அப்படிச் சுலபமாக விடுவதில்லை. சும்மா உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் வேலை செய்தால் என்ன என்று முதலாளி கேட்டார். டீமேக்கர் திரைக்கு முன்னால் வந்து குனிந்து பார்த்தார். திரை பெரியதுதான். ஆனால் முதலாளி அதன் புள்ளிக் கணக்கை ஆயிரத்து இருபத்துநான்கில் வைத்திருந்தார். அந்த அளவில் வைத்தால் நிறைய வரிகள் தெரியும், ஒவ்வொரு எழுத்தும் சிறுத்துப்போகும்.

"இது எழுத்தாங்க மொதலாளி? டஸ்ட்டு. சல்லடையில சலிச்சு எடுத்த டஸ்ட்டு."

சொல்லிவிட்டு அறுநூற்று நாற்பதுக்கு மாற்றினார். எழுத்துகள் கொழுந்துக் கூடை அளவுக்கு எழுந்து நின்றன. பழைய சின்னத் திரை எத்தனை வரி காட்டியதோ அதே வரிகளைத்தான் இப்போது பெரிய திரையும் காட்டியது. ஒரு வரி கூடுதலாக இல்லை.

"உதுக்கோ நான் கொழும்பு வரைக்கும் போய் வந்தனான்?" என்றார் முதலாளி.

மழைக்காலம் முழுவதும் இந்தப் போர் நடந்தது. காலையில் முதலாளி டஸ்ட் ஆக்குவார். அவர் வெளியே போனதும் டீமேக்கர் இலை ஆக்குவார். இடையில் யாராவது கலியாண வீட்டார் வந்தால், அந்த நேரத்தில் யார் ஆட்சியோ அதைப் பொறுத்து முழுக் கார்டையோ பிள்ளையாரின் தும்பிக்கையை மட்டுமோ பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் காலை வெயில் அடித்தது. டீமேக்கர் பையை எடுத்துக்கொண்டு வீதியைக் கடந்தார். செல்லையா கடை வாசலில் லுணுகலை பஸ்ஸுக்காக உட்கார்ந்தார். முதலாளி அவரைத் தடுக்கவில்லை. முந்தின நாள் மாலை டீமேக்கர் கடைசி வேலையாக ஒரு மரண அறிவித்தலை அடித்து வைத்திருந்தார். பிழை பார்ப்பது மட்டும் பாக்கி. அதற்கு ஆள் எதற்கு என்று முதலாளி நினைத்தார்.

இறந்தவர் லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கருப்பண்ணன் கங்காணி. அவருக்கு இரண்டு குடும்பங்கள். முதல் தாரம் மூக்காயி காலமாகி நெடுங்காலம். அந்தப் பக்கத்து மூத்த மகன் தங்கவேலு லுணுகலையில் கடை வைத்திருந்தார். இரண்டாம் தாரம் பார்வதி இருக்கிறார். அவருடைய மகள் புஷ்பராணி தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. இரு பக்கத்தாரும் இரண்டு கூட்டமாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மறுநாள் அடக்கம். அச்சடித்த கட்டு பகல் பஸ்ஸில் போனால்தான் மாலைக்குள் லயங்களுக்குப் போய்ச் சேரும்.

முதலாளிக்கு இது நல்ல சந்தர்ப்பம். திரையை ஆயிரத்து இருபத்துநான்கில் வைத்தார். நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். இரண்டு குடும்பத்தையும் ஒன்றாக உட்கார வைத்து, "எல்லாரும் வடிவாப் பாருங்கோ, முழுசும் தெரியுது" என்றார்.

முழுசும் தெரிந்தது. சற்று நேரம் எல்லோரும் படித்தார்கள். முதலில் எழுந்தவர் புஷ்பராணி டீச்சர். உயிரோடு இருக்கிற அம்மாவைக் கீழே போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்தவரை மேலே போட்டது யார் சொல்லி என்று கேட்டார்.

"மொதல்ல கட்டுனவங்க மொதல்லதான் வரணும்" என்றார் தங்கவேலு. "அது கெடக்கட்டும். ஒன் பேருக்குப் பின்னால டீச்சர்னு இருக்கு. நானும் கட வச்சிருக்கேன். எனக்கு ஒரு பட்டத்தையும் காணோமே."

பின்வரிசையில் ஒரு மருமகன், தன் பெயர் தன் தம்பிக்குக் கீழே இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒரு மாமியின் தோட்டம் விட்டுப்போயிருந்தது. இன்னொரு மாமியின் தோட்டம் இரண்டு தடவை வந்திருந்தது. விரல்கள் திரையில் குத்தின. சொந்தமாகவே ஒரு அறிவித்தல் அடித்துக்கொள்கிறோம் என்றது ஒரு பக்கம். அப்படியானால் பிரேதப் பெட்டியையும் இரண்டாகத் தூக்குங்கள் என்றது மறுபக்கம். முதலாளி இரு கைகளையும் உயர்த்திக்கொண்டு நடுவில் நின்றார். டீமேக்கரின் தேயிலைப் பெட்டி எதற்கு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதலாளிக்கும் உறைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்து வாசலைக் காட்டினார்.

வீதியைக் கடந்து போனேன். காலை லுணுகலை பஸ் வந்து நின்றிருந்தது. டீமேக்கர் பையை மடியில் வைத்துக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தன பேரு ஸ்கிரீனுக்கு முன்னால நிக்கிறாங்க?" என்றார்.

"எல்லாரும்."

பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

உள்ளே வந்தவர் யாரையும் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் கையை நுழைத்து எதையோ அழுத்தினார். திரை டக்கென்று இருண்டது. மீண்டும் வெளிச்சம் வந்தபோது உறவினர்கள் யாரும் அதில் இல்லை. மருமக்கள் இல்லை, மாமிகள் இல்லை, தோட்டங்கள் இல்லை. அந்தப் பெரிய கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு இறந்தவரின் பெயர் மட்டும் நின்றது. கருப்பண்ணன்.

திரையில் குத்திய விரல்கள் இறங்கின. புஷ்பராணி டீச்சர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"அப்பா பேர இம்புட்டுப் பெருசா எங்கயுமே எழுதிப் பாத்ததில்ல" என்றார் தங்கவேலு. யாருக்கும் சொல்லவில்லை, திரைக்குச் சொன்னார்.

டீமேக்கர் கொஞ்ச நேரம் அதை அப்படியே விட்டுவைத்தார். பிறகு பின்னறைக்குப் போய்ப் பழைய திரையையும் தேயிலைப் பெட்டியையும் கொண்டுவந்து மாட்டினார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பேரு சரிங்களா, ஊரு சரிங்களா. சரி, போயி டீ குடிங்க. தங்கவேலுவுக்குப் பின்னால் 'வர்த்தகர்' சேர்ந்தது. விட்டுப்போன தோட்டம் ஏறியது. யார் யாருக்கு மேலே என்பதை அச்சில் வரும்வரை ஒருவரும் பார்க்கவில்லை. அச்சில் வந்த பிறகு எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் அதற்குள் பகல் பஸ் வந்து ஹோன் அடித்துக்கொண்டிருந்தது, கட்டுகளைத் தூக்க வேண்டியிருந்தது, சண்டைக்கு நேரமில்லை.

கட்டுகளை டீமேக்கர்தான் பஸ்ஸில் ஏற்றினார். பஸ் போனது. அவர் போகவில்லை. செல்லையா கடையில் வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு வந்து, பாதி திறந்த கதவு வழியாகப் பின்னறைக்குள் புகுந்தார்.

திட்டம் போட்டுத்தான் அந்தப் பெயரைக் காட்டினாரா என்று பிறகு பல தடவை கேட்டிருக்கிறேன். "அந்த டஸ்ட்டுல எனக்கு ஒண்ணுமே தெரியலங்க தம்பி. அதான் பெருசாக்குனேன்" என்பார் ஒருநாள். வேறொரு நாள் கேட்டால் சிரித்துக்கொண்டு பத்திரிகையின் அடுத்த மடிப்பைத் திருப்புவார். உறுதிப்படுத்த முடியாத செய்தியை வெளியிடுவதில்லை என்பது எங்கள் தொழில் வழக்கம். இதையும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

வாங்குவதா வேண்டாமா என்று ஒரு வருடம் யோசித்த முதலாளி, இரண்டையும் வைத்துக்கொள்வது என்று அன்று பிற்பகலே முடிவெடுத்தார். அன்றிலிருந்து கலியாணம் பெரிய திரையில் நடந்தது. மரணம் தேயிலைப் பெட்டிக்குள் நடந்தது. பஸ் நிலையத்து அச்சகத்தில் சண்டை போட்ட குடும்பங்கள் சில எங்களிடம் வந்து சேர்ந்தன.

நான் கொழும்புக்கு மாற்றலாகிச் சில வருடங்கள் கழித்து முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். குரலைக் கேட்டதும் புரிந்துவிட்டது. இரவு ரயிலில் போனேன்.

அச்சகத்தில் எல்லாம் தட்டைத் திரைகளாகியிருந்தன. அந்தப் பதினேழு அங்குலமும் போய்விட்டது. பெட்டிக்குள் இருந்த சின்னத் திரை மட்டும் அதே இடத்தில் இருந்தது. மரண அறிவித்தலை அதில்தான் அடிக்க வேண்டும் என்றார் முதலாளி. அடையாள அட்டையைப் பார்த்து ஒரு பெயரை அடித்தார். அது யாரோ ஒருவரின் பெயர் மாதிரி இருந்தது. அடைப்புக்குறிக்குள் டீமேக்கர் என்று போட்ட பிறகுதான் ஆள் வந்தார். உறவினர் என்று அடிக்க ஒருவரும் இல்லை. பெயர், நேரம், இடம். அவ்வளவும் திரையில் அடங்கி, கீழே பாதி வெறுமையாகக் கிடந்தது.

முதலாளி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'அன்புச் சகோதரர்' என்று அடித்துத் தன் பெயரைப் போட்டார். செல்லையா வந்தார். தினமும் பாதிக் கோப்பை மிச்சம் வைத்த மனிதருக்குத் தான்தான் முதல் உறவு என்றார். முதலாளி முறைத்தார். நான் செல்லையாவைத் தனியாகப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்து, அவருடைய வரியை மட்டும் காட்டினேன். அவர் திருப்தியாகப் போனார். லுணுகலையிலிருந்து புஷ்பராணி டீச்சர் தொலைபேசியில் தன் பெயரையும் அண்ணன் தங்கவேலுவின் பெயரையும் சொன்னார், வர்த்தகரை மறக்க வேண்டாம் என்றார். பஸ் சாரதி ஒருவர் வந்தார். சோற்றுக் கடைக்காரர் வந்தார், அந்த முட்டையை வைத்தது தான்தான் என்றார். நானும் ஓர் ஓரத்தில் நுழைந்துகொண்டேன்.

மாலையாவதற்குள், டீமேக்கரின் அந்தச் சின்னத் திரை எங்களுக்குப் போதாமல் போயிற்று.